அப்பா கழித்துச் சொன்ன பத்துக் கிலோ

மிளகுத் தூசி மணக்கும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷமும் சில மாதங்களும் ஆகிவிட்டன. இதுவரை உங்களுக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. படத்துக்கு முன்னால் நின்று பேசுவதோடு சரி, அதுவும் அம்மா பக்கத்தில் இருந்தால் மனதுக்குள்தான். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. நாளை வியாழக்கிழமைக்குள் கண்டி ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம் என்றோ, இல்லை என்றோ. அந்தப் பதிலுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தம் இருப்பது போன சனிக்கிழமைதான் எனக்குத் தெரியவந்தது.

முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அம்மா சுகம். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். அண்ணன் உங்கள் கடையை நன்றாகத்தான் நடத்துகிறான். பெயர்ப்பலகையை மாற்றவில்லை, பெயின்ட் மட்டும் அடித்திருக்கிறான், உங்களுக்குப் பிடிக்காத அந்தப் பச்சையில். உங்கள் பேத்தி யாழினி ஏழாம் வகுப்புக்கு வந்து, என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். உங்கள் மருமகன் சிவாவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? அதே அமைதி, அதே தேத்தண்ணி.

நான் அதே இரத்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அதே மூன்றாம் வகுப்பு டீச்சர்தான். காலையில் அலுவிகாரையில் ஒரு பஸ் ஏறி, மாத்தளையில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறுகிறேன். இரண்டு பஸ்ஸிலும் ஒன்றரை ஆள் இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன். கொண்டக்டர் பையனுக்கு என்னைக் கண்டால் முன் சீட்டை முழுதாக ஒதுக்கிவிடும் நல்ல மனசு. அந்த நல்ல மனசைப் பார்க்கும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்றிருக்கிறது.

அப்பா, எனக்கு இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று கண்டியில் ஒரு டொக்டர் சொல்கிறார். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்கு மட்டும் மிச்சம் வைப்பார்களாம். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அதற்குப் பிறகு காலம் முழுக்க ஒரு சின்னக் கிண்ணத்துச் சாப்பாடுதான். இதைக் கேட்டதும் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஏன் இவ்வளவு தூரம் வந்தது என்று கேட்பீர்கள். உங்கள் சீனி வியாதி எனக்கும் வந்துவிட்டது, அப்பா. பிரஷரும் கூடவே வந்தது. மாத்திரை இரண்டு நாலாகி, அடுத்தது இன்சுலின் என்கிறார்கள். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். சிவா அதை ஒரு வருஷமாக என்னிடம் சொல்லாமல் பக்கத்தில் விழித்துக்கிடந்து கேட்டிருக்கிறார். அமைதியான ஆளைக் கட்டிக்கொண்டால் இதுதான் கஷ்டம்.

இந்த முறை மாசி மகத் தேருக்குப் பின்னால் யாழினியோடு நடக்கலாம் என்று கிளம்பினேன். கோயில் வாசலிலிருந்து பாதி வீதிகூடத் தாண்டவில்லை. ஒரு சப்பாத்துக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். தேர் போய்விட்டது. பிள்ளை தேரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கும் கால் வலிக்குதும்மா” என்றாள். அவளுக்குக் கால் வலிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா? அன்றைக்குத்தான் டொக்டரைப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். கொள்ளுத் தண்ணீர் குடித்தேன். ஒரு மாதம் பச்சைப்பயறு மட்டும் தின்றேன். சிவாவோடு மைதானத்தைச் சுற்றினேன். ஏழு கிலோ குறையும், ஒன்பது கிலோ ஏறும். ஒரு ஊசி மருந்து இருப்பதாகவும் டொக்டர் சொன்னார். அதை விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும், என் நிலைக்கு அதைவிட இது பொருத்தம் என்றும் சொன்னார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்ன அன்று அம்மா இடியாப்பம் அவித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மாவு பிழிகிற உரலை அப்படியே வைத்துவிட்டார்.

“நல்லா இருக்குற வயித்த எதுக்குடி வெட்டணும்? உங்கப்பாவுக்கு வெரல வெட்டுனாங்க, அப்புறம் பாதத்த வெட்டுனாங்க. இப்ப நீ வயித்த வெட்டிக்கப் போறியா? இந்தக் குடும்பத்துல எல்லாரும் துண்டு துண்டாத்தான் போகணுமா?”

“அதுக்காகத்தாம்மா இத செய்யச் சொல்றாங்க. எனக்கும் கால் போகக் கூடாதுன்னு.”

“அம்மனுக்கு நேந்துக்க. சோத்த கொறச்சிக்க. வாயக் கட்டுறதுக்கு டொக்டர் எதுக்கு?”

இதைச் சொல்லிக்கொண்டே என் தட்டில் நாலு இடியாப்பத்தை வைத்துச் சொதியை ஊற்றினார், அப்பா. ஊற்றிய கை அவருடையது என்பதே அவருக்குத் தெரியவில்லை. நானும் சாப்பிட்டேன். அந்த வீட்டில் எனக்கு அழத் தெரிந்த ஒரே விதம் அதுதான்.

இனிச் சனிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். அது உங்கள் கதை.

நம் குடும்ப டொக்டரின் டிஸ்பென்சரியில் முன்னொரு நாள் கண்ணாடித் தராசு என் காலின் கீழே விரிசல் விட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே தராசில் ஏறவே இல்லை. “எங்க கடைத் தராசுல நிறுத்துக்கிட்டு வாறேன்” என்று சொல்லிவிடுவேன். அவரும் நான் சொன்ன கிலோவை எழுதிக்கொள்வார். கண்டிக்குக் கொடுத்த கடிதத்திலும் அப்படித்தான் எழுதினார், நூற்றிப் பதினெட்டு என்று.

கண்டியில் சுவரோடு பதித்த பெரிய தராசு. ஏறினேன். நூற்றிருபத்தெட்டு காட்டியது. டொக்டர் கடிதத்தைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு மாதத்துக்குள் பத்துக் கிலோ ஏறியிருக்கிறதே, இப்படி ஏறினால் முதலில் அதற்குக் காரணம் பார்க்க வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அப்பா நாற்பது வருஷம் மிளகும் கராம்பும் நிறுத்த தராசு அது, அது பிழைக்காது, உங்கள் தராசைத்தான் பார்க்க வேண்டும் என்று சிங்களத்தில் படபடவென்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டொக்டர் பொறுமையானவர். “சரி, உங்கள் தராசில் இன்னொரு தரம் நிறுத்துப் பார்த்து வாருங்கள்” என்றார். அடுத்த மாதப் பட்டியலில் ஒரு இடம் இருக்கிறது, வியாழனுக்குள் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

அதனால் சனிக்கிழமை கடைக்குப் போனேன், கண்டித் தராசைப் பொய்யாக்க.

உங்கள் காலத்திலிருந்து தராசைப் பார்க்கும் முத்தையா அண்ணன் இன்னமும் கடையில்தான் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் மூட்டையை இன்னும் முழங்காலால் ஒரு உதை கொடுத்துத்தான் தராசில் ஏற்றுகிறார். நான் ஏறி நின்றேன், வழக்கம்போல வீதியைப் பார்த்துக்கொண்டு, கிலோ எண் பொறித்த தண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னால் தண்டில் எடைக்குண்டு நகரும் சத்தம் கேட்டது.

“நூத்திப் பதினெட்டு பாப்பா” என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கல்லாவில் இருந்த நம் அண்ணனைக் கூப்பிட்டு, டொக்டருக்குக் காட்ட ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அவன் போனைத் தூக்கிக்கொண்டு தண்டுக்குக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை.

“என்னாண்ணே இது? குண்டு நூத்தி இருபத்தெட்டுல நிக்குது?”

“ஆமா தம்பி. கழிச்சுத்தானே சொன்னேன்.”

“எதுக்குக் கழிச்சீங்க?”

முத்தையா அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு நாங்கள் கேட்பதே விளங்கவில்லை.

“மொதலாளி சொல்லி வச்சதுதானே? பாப்பா ஏறுனா பத்துக் கிலோ கழிச்சுத்தான் சொல்லணும்னு. அவுங்க இருக்கும்போதும் அப்படித்தான், இல்லாதப்பவும் அப்படித்தான். ‘புள்ள அழுகுது முத்தையா, பத்தக் கழிச்சுச் சொல்லு, யாருக்கு என்ன நட்டம்’னாங்க. நான் என்னா, புதுசாவா செஞ்சேன்?”

நான் தராசிலிருந்து இறங்கவில்லை. அப்படியே நின்று சிரித்தேன். வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு இறங்கிப் போய்க் கராம்பு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். சரக்கு மூட்டையில் உட்காரக் கூடாது என்று சின்ன வயதில் எத்தனை தரம் ஏசியிருப்பீர்கள்!

அப்பா, நம் கடைப் பழக்கம் எனக்குத் தெரியாததா? தோட்டத்திலிருந்து மிளகு வந்தால் நீங்கள் முதலில் மூட்டைக்குள் தோள்வரை கையை விடுவீர்கள். அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தெரிந்துகொள்வீர்கள். இரண்டு மணியை எடுத்துக் கடிப்பீர்கள். பிறகு சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று மனதுக்குள் கழித்துவிட்டு, கழித்த நிறையை மட்டும்தான் வாய்விட்டுச் சொல்வீர்கள். தண்டில் நிற்பதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அந்தக் கடையில் அப்படித்தான் நிறுக்கிறார்கள். அதே தராசில் நானும் ஏறி நின்றேன், அதே மாதிரி நீங்கள் எனக்கும் சொல்லிவிட்டீர்கள்.

எப்போது தொடங்கியது என்றும் எனக்குத் தெரியும். எனக்கு இருபத்துமூன்று வயது. முதன்முதலாகப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு, கதவு வரை போய், “பொண்ணு கொஞ்சம் கனதிதான்” என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அறையை விட்டு வரவில்லை. நீங்கள் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தராசில் ஏற்றினீர்கள். “தொண்ணூத்தேழு! நூறுகூட இல்ல. இதுக்கா இந்த அழுகை?” என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வருஷம் சிவாவின் முன்னால் தலைநிமிர்ந்து உட்கார்ந்தேன். நூற்றேழு என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருப்பேன்? நினைத்துப் பார்த்தால் உங்களைக் கோபிக்கவும் முடியவில்லை.

ஆனால் கோபம் வந்தது, அப்பா. மூன்று நாள் உங்கள் படத்துக்கு முன்னால் நிற்கவில்லை. அம்மா பூ வைக்கச் சொன்னபோது யாழினியை அனுப்பினேன்.

ஏனென்றால் நீங்கள் எனக்கு மட்டும் கழிக்கவில்லை. உங்களுக்கும் கழித்தீர்கள். கிளினிக் நாளுக்கு முந்தைய இரண்டு நாளும் சோற்றைத் தொடமாட்டீர்கள். வெறும் தேத்தண்ணியும் வெள்ளரிக்காயும். மூன்றாம் நாள் இரத்தம் எடுத்தால் சீனி நல்ல பிள்ளையாகக் குறைந்திருக்கும். டொக்டர் உங்கள் தோளில் தட்டிவிட்டு அதே மாத்திரையை எழுதுவார். நான்தானே கூட வந்தேன்? வரும் வழியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சுடச்சுட உளுந்து வடை. உங்களுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. “அம்மாகிட்ட சொல்லிறாத.” நான் சொல்லவில்லை. வடை அவ்வளவு ருசியாக இருந்தது.

காலில் காயம் வந்தபோதும் “சின்னக் கீறல்தான்” என்றீர்கள். விரல் போனது. பாதம் போனது. கடைசியில் சிறுநீரகமும் போனது. பிள்ளை அழக்கூடாது, டொக்டர் ஏசக்கூடாது, வீட்டில் பயப்படக்கூடாது. எல்லாரையும் காப்பாற்றினீர்கள், உங்களைத் தவிர. யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டீர்களாமே? எனக்கு நட்டம், அப்பா. என் அப்பா நட்டம்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

குற்றம் முழுவதையும் உங்கள் தலையில் போட்டுவிட்டு நான் தப்பிக்கவும் முடியாது. பதினாறு வருஷம் அந்தத் தராசில் ஏறியிருக்கிறேன். தண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஒருநாளாவது திரும்பிப் பார்த்தேனா? புதிதாகத் தைத்த பிளவுஸ் ஆறு மாதத்தில் இறுக்கிப் பிடித்தபோதும், நான் சொன்ன கிலோவுக்கும் என் உடம்புக்கும் பொருந்தவில்லை என்று தெரிந்தபோதும், திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் கழித்தீர்கள், நான் கழிக்கவிட்டேன்.

நேற்று லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கண்டிக்குப் போனேன். ரயிலில்தான் போனேன், ஜன்னலோரம், உங்களுக்குப் பிடித்த பக்கம். டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முத்தையா அண்ணன் உட்பட. இந்த முறை அவரும் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்து நூற்றிப் பதினெட்டை வெட்டிவிட்டு நூற்றிருபத்தெட்டு என்று எழுதினார். “உங்கள் அப்பா நல்ல மனிதர். ஆனால் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரிடம் மட்டும் இந்த மாதிரிக் கணக்குச் சொல்லிவிடாதீர்கள். மருந்தின் அளவே உங்கள் நிறையைப் பார்த்துத்தான்” என்றார்.

நான் நேராகவே கேட்டேன், செத்துப்போவேனா என்று. சிங்களத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

அவர் இல்லை என்று சொல்லவில்லை, அப்பா. மிக அரிது, ஆனால் நடக்கவே நடக்காது என்று என்னால் சொல்ல முடியாது என்றார். தைத்த இடத்தில் கசிந்தால் மறுபடி திறக்க வேண்டி வரலாம். இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். நெஞ்செரிச்சல் கூடலாம், பித்தப்பையில் கல் வரலாம். விற்றமின் மாத்திரையைச் சாகும்வரை நிறுத்தக் கூடாது. என் மூச்சு நின்று வருவதால் முதலில் அதற்கு ஒரு சோதனை. பிறகு ஈரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் வெறும் நீராகாரம். இவ்வளவையும் தாங்கினால், சீனி நன்றாக இறங்க வாய்ப்பிருக்கிறது, சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமலும் போகிறது, மூச்சும் முழங்காலும் தேறும் என்றார்.

“செய்யாமல் விட்டால்?” என்று கேட்டேன்.

“செய்யாமல் விட்டால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். அது மெதுவாக வரும், அவ்வளவுதான். உங்கள் அப்பாவுக்கு வந்த மாதிரி” என்றார்.

அங்கே வராந்தாவில் எல்கடுவையிலிருந்து வந்திருந்த தவமணி என்ற அக்காவைச் சந்தித்தேன். வயதில் என்னைவிடப் பெரியவர். இதே சத்திரசிகிச்சையைச் செய்து இரண்டு வருஷமாம். கைப்பையைத் திறந்து மாத்திரைப் பெட்டியைக் காட்டினார். நான் அவரை வக்கீல் மாதிரி விசாரித்துவிட்டேன்.

“மொத மூணு நாள், ஏன்டா செஞ்சோம்னுதான் இருந்துச்சு. தண்ணி கூட கரண்டி கரண்டியாத்தான் குடிக்கணும். அப்புறம் முடி கொட்டுச்சு பாருங்க, சீப்ப எடுக்கவே பயம். இப்ப வந்துருச்சு. அவசரமா ரெண்டு வாய் கூடத் தின்னுட்டா வாந்திதான்.”

“கவலையா இருக்குங்களா, செஞ்சதுக்கு?”

“கல்யாண வீட்டுக்குப் போனா கவலையா இருக்கும். எல்லாரும் சாப்புடுவாங்க, நான் தட்டப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஆனா இன்சுலின் ஊசி இல்ல. பஸ்ஸ விட்டு எறங்கி மேட்டுல ஏறி வீட்டுக்குப் போறேன், எங்கயும் நிக்கிறதில்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, நான் கேட்காமலே சொன்னார். “கொறஞ்சதுல ஆறு கிலோ திரும்பவும் ஏறிருச்சு டீச்சர். உங்ககிட்ட மறைக்கக் கூடாதில்ல.”

அந்த ஆறு கிலோவைச் சொன்னதால்தான் அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்பினேன்.

திரும்பி வரும்போது பயத்தை ஒரு தட்டிலும் நன்மையை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்க முயன்றேன். சரியாக வரவில்லை. ஒரு பக்கம் யாழினி தாயில்லாத பிள்ளையாகிவிடுவாளோ என்ற பயம். மறுபக்கமும் அதே பயம்தான், பத்து வருஷம் தள்ளி. எதைக் குறைத்துச் சொன்னாலும் இன்னொன்று ஏறி நின்றது.

இன்னொரு சின்னப் பயம் உண்டு. டொக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, உங்களிடம் சொல்கிறேன். நேற்று மாத்தளையில் இறங்கியதும் நம் வடைக் கடைக்குப் போனேன். ஒரு வடை வாங்கிப் பாதியைப் பிய்த்து, மெதுவாக, முப்பது தரம் மென்று தின்றேன். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்களும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் இப்படி நின்று தின்றபோதுதானே? உங்கள் பயத்தை நீங்கள் சொன்னதில்லை, என் வெட்கத்தை நான் சொன்னதில்லை. வடை வாங்கித் தந்தீர்கள், தின்றேன். பாதி வடையோடு எழுந்துவிடுகிற மகளை உங்களுக்கு அடையாளம் தெரியுமா, அப்பா? அந்த மிச்சத்தைக் கடைசியில் நானே தின்றுவிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்று பள்ளிக்கூடம் முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். இரத்தோட்டைப் பக்கமிருந்து மிளகு வந்து இறங்கியிருந்தது, கடை முழுக்க உங்கள் வாசனை. முத்தையா அண்ணனைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

“நானே பார்த்துக்கிறேன் அண்ணே.”

“செருப்பக் கழட்டிட்டு ஏறு பாப்பா. அதுவே அரைக் கிலோ இருக்கும்.”

“இருக்கட்டும்.”

ஏறினேன். முதன்முறையாக வீதிக்கு முதுகைக் காட்டித் தண்டைப் பார்த்து நின்றேன். குண்டை என் கையாலேயே நகர்த்தினேன். அது அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தண்டு ஆடி ஆடி நேராக நின்றது. நூற்றிருபத்தெட்டு. கடையில் மிளகு கொண்டுவந்த இரண்டு பேர் இருந்தார்கள், அண்ணன் இருந்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னேன். முத்தையா அண்ணன் மட்டும் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கே நின்றபடியே கண்டிக்குப் போன் செய்தேன். அந்தச் சிரித்த மிஸ்ஸிதான் எடுத்தார். வருகிறேன், என் பெயரைப் போட்டுவிடுங்கள் என்றேன்.

அம்மாவிடம் இப்போதுதான் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கையில் ஒரு பொருளோடு வந்தார். யாழினி குழந்தையாக இருந்தபோது சோறூட்டிய சின்ன எவர்சில்வர் கிண்ணம். “இந்த அளவு போதுமாடி ஒனக்கு?” என்று கேட்டார். போதும் என்றேன். அதைக் கழுவித் துடைத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

யாழினி போன வாரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று, “அம்மா, நான் குண்டாகிட்டு வாறேனா?” என்று கேட்டாள். ‘இல்லவே இல்ல’ என்பது என் வாய்வரை வந்துவிட்டது. அது உங்கள் குரல், அப்பா. நான் அன்று பதில் சொல்லவில்லை. நாளைக்கு அவளை உட்காரவைத்துப் பேசப்போகிறேன். அவள் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவையும் எனக்குப் பிடிக்கும் என்று முதலில் சொல்வேன். அதற்குப் பிறகு உள்ளதைச் சொல்வேன். நீங்கள் முதல் பாதியைச் சரியாகத்தான் செய்தீர்கள். என்னைப் போல அப்பா செல்லம் கிடைத்தவள் இந்த மாத்தளையில் யாரும் இல்லை.

இனி என் வாக்கு. திரும்பி வந்தால் நேராக உங்கள் தராசுக்கு வருவேன். பாருங்கள், ‘வந்தால்’ என்றுதான் எழுதியிருக்கிறேன், அதை அடித்துவிட்டு வேறு எழுதப் போவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஏறுவேன். குறைந்தாலும் சொல்வேன், தவமணி அக்காவைப் போல ஆறு கிலோ திரும்ப ஏறினாலும் உங்கள் படத்துக்கு நேரே நின்று சொல்வேன். வருகிற மாசி மகத்தில் தேருக்குப் பின்னால் நடப்பேன். எத்தனை கடை தாண்டினேன் என்றும் வந்து சொல்வேன்.

பயமாக இருக்கிறது, அப்பா. இதையும் கழிக்காமல்தான் சொல்கிறேன்.

உங்கள் நூற்றிருபத்தெட்டுக் கிலோ மகள்,
ஜெயா